குதிரை நலமாக இருந்தால்தான் சிகிச்சையும் பலன் தரும்!

டென்மார்க்கைச் சேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டல். 1944-ம் ஆண்டு, 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால், அவருக்கு முழங்காலுக்குக் கீழே செயல்படவில்லை. ஆனாலும் அவர் குதிரையை விடவில்லை. 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ‘ஜூபிலி’ என்ற பெண் குதிரையுடன் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரைமீது ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் உதவி தேவைப்பட்டது. அந்த வெற்றிக்குப் பிறகு, குதிரையைக்கொண்டு சிகிச்சை கொடுக்கும் முறை ஐரோப்பாவில் வேகமாகப் பரவியது.

நடைதான் மருந்து

குதிரை நடக்கும்போது, மேலே இருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேலும் கீழுமாகவும் அசையும். மனிதர் நடக்கும்போதும் இடுப்பு இப்படித்தான் அசைகிறது. நடக்க முடியாத குழந்தைக்கும் அந்த அசைவு கிடைக்கிறது. விழாமல் இருக்க உடல் தானாகவே நிமிர்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு உட்காரும் நிலையும், உடல் சமநிலையும் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது நோயை முழுமையாகக் குணப்படுத்தாது. வழக்கமான சிகிச்சைக்குத் துணை மட்டுமே.

ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் மாட்டை வண்டியில் பூட்டினால், வண்டி எப்படி ஆடும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். குதிரையும் அப்படித்தான். குளம்பில் வலி, முதுகில் புண், தசையில் பிடிப்பு என்று எது இருந்தாலும் நடை கெடும். அந்தக் கோணல் நடை, குழந்தையின் முதுகெலும்புக்குத்தான் போய்ச் சேரும்.

குதிரைக்கும் சுமை உண்டு

நோயாளிகள் பலர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார்கள். திடீரென்று சத்தம் போடுவார்கள். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் பிடித்துக்கொண்டே வருவார்கள். தலைக்கயிறு இன்னொருவர் கையில் இருக்கும். இவ்வளவையும் குதிரை பொறுத்துக்கொள்ள வேண்டும். காதுகளைப் பின்னால் மடக்குவது, வாலை அடிக்கடி வீசுவது, சேணம் போடும்போது கடிக்க வருவது எல்லாம் ‘என்னால் முடியவில்லை’ என்று குதிரை சொல்லும் விதம். அதற்கு அடி கொடுப்பது தீர்வல்ல. ஓய்வும் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும்தான் தேவை.

சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவிகிதத்துக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது பொதுவான அளவு. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ. குதிரையின் இரைப்பை சிறியது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் தின்ன வேண்டும். பசியோடு நெடுநேரம் கட்டிவைத்தால் இரைப்பையில் புண் வரும். குளம்பை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். மற்ற குதிரைகளோடு அவிழ்த்துவிட்டு மேயவிடுவதும் அவசியம்.

குழந்தையை அழைத்துச் செல்வதற்கு முன்...

முதலில் மருத்துவரைக் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கழுத்து எலும்பு உறுதியாக இருக்காது. அவர்கள் குதிரை ஏறுவது ஆபத்து. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்கும் கவனம் தேவை. சிகிச்சை கொடுப்பவர் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்தானா என்று விசாரியுங்கள்.

அடுத்து, லாயத்தைச் சுற்றிப் பாருங்கள். நிழல், தண்ணீர், புல் இருக்கிறதா? குதிரையின் விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா? முதுகில் புண் இருக்கிறதா? நடையில் நொண்டல் தெரிகிறதா? மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகும்போது பார்க்கும் அதே கண்ணோடு பாருங்கள். குதிரை வாடியிருந்தால், எவ்வளவு பெரிய விளம்பரப் பலகை இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.