பாக்கு நீரிணையும் கடற்சட்ட வல்லுநரும்

நெடுந்தீவுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் கச்சதீவு 285 ஏக்கர் பரப்பே உடையது. குடிகள் எவரும் அங்கில்லை. அந்தோனியார் கோயில் ஒன்று உண்டு. இத்துணைச் சிறிய தீவைப் பற்றிக் கடற்சட்டம் கற்றோர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் காரணம் அதன் மண்ணன்று. அதனைச் சூழ்ந்த நீரே.

கரையிலிருந்து மூன்று மைல் வரையே ஒரு நாட்டின் கடல், அதற்கப்பால் எல்லோர்க்கும் பொது என்பது பல அரசுகள் நெடுங்காலம் கைக்கொண்ட விதி. அவ்விதியை அவ்வாறே கொண்டால் பாக்குக் குடாவின் நடுப்பகுதி எவர்க்கும் உரியதன்று என்றாகிவிடும். இதற்கு வல்லுநர் கண்ட விடை ‘சரித்திர உரிமை நீர்’ என்பது. ஓர் அரசு ஒரு நீர்ப்பரப்பை நெடுங்காலம் இடையறாது ஆண்டு, பிற நாடுகளும் அதனை மறுக்காதிருந்தால், அப்பரப்பு அந்நாட்டுக்கே உரியதாகலாம். நோர்வேக்கும் பிரித்தானியாவுக்கும் எழுந்த மீன்பிடி வழக்கில் 1951இல் சர்வதேச நீதிமன்றமும் இத்தகைய உரிமையை ஆராய்ந்தது.

பாக்குக் குடாவில் அந்த ஆட்சிக்குச் சான்று யாது? போர்க்கப்பல்கள் அல்ல, முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் அவற்றுக்கு அரசுகள் விதித்த குத்தகையும் வரியுமேயாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இக்குடா பொதுக்கடல் அன்று எனத் தீர்ப்பளித்ததும் ஒரு சங்குத் திருட்டு வழக்கிலேதான். மூச்சடக்கி மூழ்கிய ஏழைத் தொழிலாளியின் உழைப்பே அரசுகளின் உரிமைக்கு ஆதாரமாயிற்று என்பது சட்ட நூல்களில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

1921இல் சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகள் கொழும்பிற் கூடி மீன்பிடி எல்லையொன்றைப் பேசினர். 1974 ஜூன் மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, கச்சதீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் கோட்டை வகுத்தது. இரு நாட்டுக் கலங்களும் மரபாகப் பெற்றுவந்த உரிமைகள் தொடரும் என்று அதன் ஆறாம் பிரிவு கூறுகிறது. ‘மீன்பிடித்தல்’ என்ற சொல் அப்பிரிவில் இல்லை. அந்த ஒரு சொல்லின் இன்மையே இன்றுவரை நீளும் வாதத்துக்கு வித்து. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதியின்றி ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது எனத் தெளிவாகவே உரைத்தன.

கோடு கடலில் இருக்கிறது. மீன் அதனை அறியாது. போர்க்காலத்தில் பாதுகாப்புத் தடைகளால் குடாநாட்டுக் கடற்றொழிலாளர் கரையோடு ஒதுங்கி நின்றனர். 2009க்குப் பின் மீண்டும் கடலுக்குச் சென்றவர்கள், எல்லை தாண்டி வரும் இழுவைமடிப் படகுகளால் தங்கள் வலைகள் அறுபடுவதையும், கடலடி வாரப்படுவதையும் கண்டனர். இழுவைமடியை எவர் பயன்படுத்தினும் குற்றமாக்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2017இல் நிறைவேற்றியது. மறு கரையிலும் இருப்போர் தமிழ் மீனவரே. கைதாகிச் சிறையிருப்போரும் பெரும்பாலும் படகின் கூலியாட்களே.

இங்கே சட்ட நுட்பம் ஒன்று உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சாசனம், பொருளாதார வலயத்தில் மீன்பிடிக் குற்றத்துக்குப் பிடிபட்ட அயல்நாட்டாருக்கு, நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாவிடின், சிறைத்தண்டனை விதிப்பதைத் தடுக்கிறது. பாக்கு நீரிணையில் தனக்குரிய பகுதியை இலங்கை 1977இல் உள்நாட்டு நீராக அறிவித்துவிட்டமையால் அந்தக் காப்பு ஆங்கே எட்டுவதில்லை.

அச்சாசனத்தை உருவாக்கிய மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மறையும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. அதன் 123ஆம் பிரிவு, அரைமூடிய கடலைச் சூழ்ந்த நாடுகள் மீன்வளத்தைப் பேணுவதில் ஒத்துழைத்தல் வேண்டும் என்கிறது. கோட்டை அழிக்காமலே, எந்த வலை, எத்தனை படகு, எந்தப் பருவம் என்பவற்றை இரு கரையாரும் கூடித் தீர்மானிக்க அப்பிரிவு இடந்தருகிறது.