உலர்த்தும் முறைகளும் பழங்களின் ஊட்டச்சத்தும்

பழங்களை உலர்த்துதல் என்பது பழத்திலுள்ள நீரின் பெரும்பகுதியை அகற்றி, நுண்ணுயிர்கள் பெருக முடியாத நிலைக்கு அதைக் கொண்டுவரும் உணவுப் பாதுகாப்பு முறையாகும். புதிய பழங்களில் பெரும்பாலும் 75 முதல் 90 விழுக்காடு வரை நீர் உள்ளது. நீரை அகற்றும் முறையைப் பொறுத்து எஞ்சும் ஊட்டச்சத்தின் அளவு வேறுபடுகிறது.

செறிவும் இழப்பும்

நீர் வெளியேறும்போது சர்க்கரை, நார்ச்சத்து, தாது உப்புகள் ஆகியவை செறிவடைகின்றன. வெப்பம், ஒளி, ஆக்சிஜன் ஆகியவற்றால் சிதையும் சத்துகள் குறைகின்றன. சர்க்கரை பாதாமி (ஆப்ரிகாட்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் 100 கிராம் புதிய பழத்தில் பொட்டாசியம் சுமார் 260 மில்லிகிராமும் உயிர்ச்சத்து சி சுமார் 10 மில்லிகிராமும் உள்ளன. 100 கிராம் உலர்பழம் பெற ஏறத்தாழ 500 கிராம் புதிய பழம் தேவை. இழப்பே இல்லையென்றால் உலர்பழத்தில் பொட்டாசியம் 1300, உயிர்ச்சத்து சி 50 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆனால் பொட்டாசியம் சுமார் 1160 மில்லிகிராம் இருக்க, உயிர்ச்சத்து சி சுமார் 1 மில்லிகிராமே எஞ்சுகிறது.

உலர்த்தும் முறைகள்

வெயிலில் உலர்த்தல்: செலவு மிகக் குறைவு. பல நாட்கள் காற்றும் ஒளியும் படுவதால் உயிர்ச்சத்து சி, கரோட்டின் ஆகியவை பெரிதும் குறைகின்றன. தூசி, பூச்சி, பூஞ்சைத் தொல்லையும் உண்டு.

நிழலில் உலர்த்தல்: மகாராட்டிரத்தின் சாங்லி, நாசிக் பகுதிகளில் திராட்சையைக் கொட்டகைகளில் காற்றோட்டமாக உலர்த்துகின்றனர். நேரடி வெயில் படாததால் பச்சை நிறம் பெருமளவு காக்கப்படுகிறது.

வெப்பக் காற்றில் உலர்த்தல்: பொதுவாக 50 முதல் 70 பாகை செல்சியஸ் வரையிலான காற்று செலுத்தப்படுகிறது. சில மணி நேரங்களில் பணி முடியும். வெப்பம் மிகுந்தால் சத்து சிதையும். மிகக் குறைந்தால் உலரும் நேரம் நீண்டு அப்போதும் இழப்பு ஏற்படும்.

வெற்றிடத்தில் உலர்த்தல்: அழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகிறது. ஆக்சிஜனும் குறைவு என்பதால் சத்துகள் கூடுதலாகக் காக்கப்படுகின்றன.

உறைய வைத்து உலர்த்தல்: உறைந்த பழத்திலுள்ள பனிக்கட்டி, வெற்றிடத்தில் உருகாமலே நேரடியாக ஆவியாகிறது (பதங்கமாதல்). நிறம், மணம், உயிர்ச்சத்து சி ஆகியவற்றை நன்கு காப்பது இம்முறையே. செலவு மிகுதி.

சர்க்கரைப் பாகில் ஊறவைத்தல்: சவ்வூடு பரவலால் நீர் ஓரளவு வெளியேறுகிறது, பின்னர் வேறொரு முறையில் உலர்த்துவர். நீரில் கரையும் சத்துகள் சிறிதளவு பாகில் கலக்கின்றன. பழத்தில் சர்க்கரையும் கூடுகிறது.

முன்பதப்படுத்தல்

கந்தக டைஆக்சைடு பழம் பழுப்பாவதைத் தடுத்து, உயிர்ச்சத்து சி, கரோட்டின் ஆகியவற்றைக் காக்கிறது. ஆனால் தயமினை (உயிர்ச்சத்து பி1) அழிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இது மூச்சுத் திணறலை உண்டாக்கலாம்.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

100 கிராம் புதிய திராட்சை சுமார் 70 கிலோகலோரி ஆற்றல் தரும். அதே எடையுள்ள உலர் திராட்சை சுமார் 300 கிலோகலோரி தரும். எனவே நீரிழிவு உள்ளவர்கள் உலர்பழத்தின் அளவைக் கணக்கிட்டு உண்ண வேண்டும். நார்ச்சத்துக்கும் தாது உப்புகளுக்கும் உலர்பழம் ஏற்றது. உயிர்ச்சத்து சி பெறப் புதிய பழமே சிறந்தது. உலர்ந்த பழத்தைக் காற்றுப் புகாத கலனில், ஒளி படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் எஞ்சிய சத்துகள் நீண்ட நாள் நிலைக்கும்.