பல்லுக்கும் தொப்பி உண்டு!

நான் ஏன் வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சேன்னு பல பேர் கேட்டீங்க. அடிபம்புக் கைப்பிடி பட்டு என் முன்பல் பாதி உடைஞ்சிடுச்சு. பல்லின் மேலுள்ள எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் எலும்பு மாதிரி அது மறுபடி வளராது.

அதனால் 'கிரவுன்' என்ற உறை போடுகிறார்கள். பல்லைச் சுற்றிலும் லேசாக ராவி, அச்சு எடுத்து, அதே அளவில் உலோகத்திலோ பீங்கானிலோ உறை செய்து, சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். உறை சொத்தையாகாது, அடியிலுள்ள பல் சொத்தையாகலாம். இருவேளையும் துலக்கணும்.

எனக்கு வளரும் வயசு. அதனால் இப்போ பல் நிறப் பசைதான், உறை பிறகு.

உடைந்த துண்டைப் பாலில் போட்டு உடனே கொண்டுபோயிருந்தால் அதையே ஒட்டியிருக்கலாமாம்! நான் பால்பல் மாதிரி நினைச்சுக் கூரை மேல வீசிட்டேன். நீங்க வீசிடாதீங்க!