செத்துச் செத்து விளையாடுவதில் என்ன சுகம்? - கஷ்டமான நிஞ்சா கேம்கள் ஈர்ப்பது ஏன்?

கோட்டையின் உச்சி மாடம். எதிரே வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறான் கெனிச்சிரோ அஷினா. நாயகன் இரண்டு அடி வைப்பதற்குள் அம்பு பாய்கிறது. அடுத்து வெட்டு, அதற்கடுத்து குத்து. நாயகன் சரிகிறான். ‘சாவு’ என்று பொருள்படும் ஒற்றை ஜப்பானிய எழுத்து ஸ்க்ரீனில் சிவப்பாகத் தெரிகிறது. மொத்தச் சண்டையும் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

விளையாடுபவர் கண்ட்ரோலரை சோபாவில் எறிகிறார். ‘போதும்டா சாமி!’ என்கிறார். பத்து நொடி கழித்து அதே கண்ட்ரோலரைத் தேடி எடுக்கிறார். ‘இன்னும் ஒரே ஒரு தடவை...’

‘செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ கேமை விளையாடியவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 2019 மார்ச்சில் வெளியான இந்த கேம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்த ஆண்டின் சிறந்த கேம் என ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதையும் வாங்கியது. வடிவேலு காமெடியில் ‘செத்துச் செத்து விளையாடலாமா?’ என்று கேட்டால் சிரிக்கிறோம். இங்கே லட்சக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கி, நிஜமாகவே அதைத்தான் செய்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

காசுக்காக வந்த கஷ்டம்

வீடியோ கேம்கள் கடினமாக இருந்ததற்கு முதல் காரணம் வியாபாரம். 1980-களில் ஆர்கேட் கடைகளில் காசு போட்டால்தான் கேம் ஓடும். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் அடுத்த காசு விழும். 1987-ல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘ஷினோபி’ கேமில், எதிரியின் ஆயுதம் ஒருமுறை பட்டாலே நாயகனின் உயிர் போய்விடும்.

அடுத்த ஆண்டு வீட்டு கன்சோலுக்கு வந்தது டெக்மோ நிறுவனத்தின் ‘நிஞ்சா கெய்டன்’. அப்பாவின் மரணத்துக்கு விடை தேடிப் புறப்படும் ரியூ ஹயாபுசாதான் நாயகன். ஒவ்வொரு கட்டத்தையும் முடித்ததும் சினிமா போலக் கதைக் காட்சிகள் விரியும். அப்போது அது பெரிய புதுமை. ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற ஆர்வமே பலரையும் தோல்விகளைத் தாண்டி இழுத்துச் சென்றது.

ஆனால், அந்த கேம் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அடிபட்டால் ரியூ பின்னோக்கித் தூக்கியடிக்கப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் கதை முடிந்தது. கொன்ற எதிரி, நீங்கள் இரண்டு அடி பின்வாங்கினால் அதே இடத்தில் மறுபடி முளைப்பான். தாவும் நேரம் பார்த்து ஒரு பறவை வந்து மோதும். கடைசி பாஸிடம் தோற்றால், ஆறாவது கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும்!

இதன் மூன்றாம் பாகம் 1991-ல் வந்தபோது இன்னொரு வேடிக்கை. விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் முயலும் வசதியும் ஜப்பான் பதிப்பில் இருந்தன. அமெரிக்கப் பதிப்பில் பாஸ்வேர்டு இல்லை, வாய்ப்புகளுக்கும் கட்டுப்பாடு, அடியின் வலிமையும் அதிகம். அமெரிக்காவில் கேம்களை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் இருந்தது. ஒரே வாரக்கடைசியில் முடித்துவிட்டால், அப்புறம் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அந்தக் காலக் கணக்கு.

‘என் தப்புதான்!’

கஷ்டமான கேம் எல்லாமே நல்ல கேம் ஆகிவிடாது. இங்கேதான் இரண்டு வகைத் தோல்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ‘இது அநியாயம்’ என்று சொல்ல வைக்கும் தோல்வி. கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து பறவை வந்து பள்ளத்தில் தள்ளுவது அந்த வகை. இன்னொன்று, ‘ச்சே, என் தப்புதான்’ என்று சொல்ல வைப்பது. முதல் வகையில் கோபம் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது வகையில், அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்ற யோசனை கூடவே வரும்.

2004-ல் டோமோனொபு இதாகாகி தலைமையில் ‘டீம் நிஞ்சா’ குழு எக்ஸ்பாக்ஸுக்காக ‘நிஞ்சா கெய்ட’னைப் புதிதாக உருவாக்கியபோது, கஷ்டம் இந்த இரண்டாவது வகை நோக்கி நகர்ந்தது. சினிமா வில்லனின் அடியாட்கள் போல ஒவ்வொருவராக வரிசையில் வந்து அடிவாங்கிப் போகும் எதிரிகள் இதில் கிடையாது. எல்லோரும் சேர்ந்து பாய்வார்கள். பட்டனை மடமடவென்று அழுத்தித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே முராய் என்ற குரு காத்திருப்பார். தடுக்கக் கற்காதவர்களை அவரது நுஞ்சாக்கு அங்கேயே நிறுத்திவிடும். கதைப்படி அவர் குரு. விளையாடுபவருக்கும் அவரே முதல் வாத்தியார்.

அடுத்த ஆண்டு வந்த ‘நிஞ்சா கெய்டன் பிளாக்’ பதிப்பில், தொடக்கத்திலேயே தோற்றுக்கொண்டே இருந்தால் எளிய நிலைக்கு மாறலாமா என்று கேம் கேட்கும். அந்த நிலைக்கு வைத்த பெயர் ‘நிஞ்சா டாக்’, அதாவது நிஞ்சா நாய். உச்சக் கடின நிலையின் பெயர் ‘மாஸ்டர் நிஞ்சா’. உதவியைக்கூட அவமானமாகக் கொடுத்த காலம் அது.

பின்னால் போகாதே, முன்னால் வா

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ‘செகிரோ’ இந்தப் பாடம் சொல்லும் முறையை இன்னும் கூர்மையாக்கியது. 16-ம் நூற்றாண்டு ஜப்பானின் உள்நாட்டுப் போர்க் காலம். ‘ஓநாய்’ என்று அழைக்கப்படும் ஒரு ஷினோபி, தன் இளம் எஜமானைக் காக்கப் போராடுகிறான். கதையே தோல்வியில்தான் தொடங்குகிறது. ஆரம்பத்திலேயே கெனிச்சிரோவுடன் மோத வேண்டும். அந்தச் சண்டையில் நீங்கள் எவ்வளவு திறமை காட்டினாலும் நாயகன் ஒரு கையை இழப்பது உறுதி.

இதில் எதிரியின் உயிர்க்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது மட்டும் வழியல்ல. அவன் வாள் வரும் அதே நொடியில் உங்கள் வாளால் தட்டிவிட வேண்டும். தட்டத் தட்ட அவன் நிலை குலைவான். முழுதாகக் குலைந்த கணத்தில் ஒரே குத்தில் முடித்துவிடலாம். விலகி ஓடி மூச்சு வாங்கினால், அவன் நிலை மெல்லச் சரியாகிவிடும். பயந்து பின்வாங்கினால் செய்த வேலையெல்லாம் வீண்.

ஈட்டியால் குத்த வரும்போது இந்தப் பாடம் பளிச்சென்று புரியும். யாராக இருந்தாலும் பின்னால் நகரத்தான் தோன்றும். செகிரோவிலோ சரியான நேரத்தில் முன்னால் பாய்ந்து, ஈட்டியை மிதிக்க வேண்டும். முதல் பத்து முறை செத்துப் போவீர்கள். பதினோராவது முறை கால் ஈட்டியின் மேல் ‘டொக்’கென்று இறங்கும்போது ஒரு சந்தோஷம் வருமே, அதுதான் இந்த கேம்களின் ஜீவன்.

இதற்குப் பயிற்சி கொடுக்கவே, பாழடைந்த கோயில் அருகே ஹன்பெய் என்ற சாகாவரம் பெற்ற ஆள் நிற்பான். அவனை எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து வருவான். தப்பு செய்து பார்க்க ஓர் இடம் தந்துவிட்டுத்தான் இந்த கேம் பரீட்சை வைக்கிறது.

சாமுராய் இருக்க, நிஞ்சா எதற்கு?

வரலாற்றில் நிஞ்சாக்களின் வேலை சண்டை அல்ல. இகா, கோகா பகுதிகளின் ஷினோபிகள் உளவு பார்ப்பதற்கும் கோட்டைக்குள் ஊடுருவுவதற்கும் பேர்போனவர்கள். வாள் வீசிக் கூட்டத்தையே சாய்க்கும் நிஞ்சா, பெரும்பாலும் நாடகமும் சினிமாவும் தந்த கற்பனை.

ஆனாலும் கடினமான கேமுக்கு இந்த உருவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கவசம் அணிந்த வீரன் பத்து அடி தாங்கலாம். நிஞ்சாவுக்குக் கவசம் இல்லை. அவனிடம் இருப்பது வேகமும் பயிற்சியும் மட்டுமே. இரண்டு அடியில் சாகிறான், இரண்டு நொடியில் சாய்க்கிறான். வேறு பல கேம்களில் எதிரிகளைக் கொன்று புள்ளி சேர்த்தால் நாயகன் பலசாலியாகிவிடுவான். செகிரோவில் அந்த வளர்ச்சி குறைவு. முதல் நாள் முடியாத பாஸை பத்தாவது நாள் வீழ்த்தினால், மாறியிருப்பது பெரும்பாலும் உங்கள் விரல்களும் கண்களும்தான்.

தோல்வியை மனம் ஏன் தேடுகிறது?

கேம் ஆய்வாளர் ஜெஸ்பர் யூல் 2013-ல் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்’ நூலில் ஒரு முரணைப் பேசுகிறார். மனிதர்கள் தோல்வியைத் தவிர்க்கவே விரும்புகிறார்கள். ஆனால், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் கேம்களைத் தேடிப் போகிறார்கள். உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி முன்வைத்த ‘ஃப்ளோ’ கருத்தும் இங்கே உதவும். சவால் மிகச் சுலபமென்றால் சலிப்பு, மிகக் கடினமென்றால் பதற்றம். திறமையும் சவாலும் சமமாக நிற்கும் இடத்தில் நேரம் போவதே தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பரீட்சையில் தோற்றால் ஒரு வருடம் போகலாம். இன்டர்வியூவில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த கேம்களில் காரணம் உடனே தெரிகிறது, மறுவாய்ப்பும் உடனே கிடைக்கிறது. வாழ்க்கை அபூர்வமாகவே தரும் இந்த இரண்டும் இங்கே தாராளம்.

ஈஸி மோட் கேட்பது குற்றமா?

செகிரோவில் கடினத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இல்லை. எல்லோரும் ஒரே சவாலைச் சந்தித்து, ஒரே அனுபவத்தைப் பேச வேண்டும் என்பது அதன் இயக்குநர் ஹிதேதகா மியாசாகியின் வாதம். ‘நானும் அவனைத்தான் ஜெயித்தேன்’ என்று உலகின் இன்னொரு மூலையில் இருப்பவரிடம் சொல்வதில் ஒரு பெருமிதம் இருப்பது உண்மைதான்.

ஆனால் கை நடுக்கம் உள்ளவர், பார்வைக் குறைபாடு உள்ளவர், ஒரு கையால் மட்டுமே விளையாட முடிந்தவர் என்ன செய்வார்? கண் இமைக்கும் நேரத்தில் பட்டனை அழுத்துவது அவர்களுக்குப் பயிற்சியால் மட்டும் வருவதல்ல. ஒருவருக்கு ‘ஈஸி’ என்பது இன்னொருவருக்கு முழுச் சவால். செகிரோ வெளியானபோது கிளம்பிய இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

எளிமை மட்டும் கேமைக் காப்பாற்றாது என்பதும் நிரூபணமானது. இதாகாகி விலகிய பிறகு 2012-ல் வந்த ‘நிஞ்சா கெய்டன் 3’, ஆழம் குறைந்துவிட்டது என்று ரசிகர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டது. 2025 அக்டோபரில் வெளியான ‘நிஞ்சா கெய்டன் 4’ நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. அடி பின்னும் கடின நிலையும் உண்டு, தானாகத் தடுப்பது போன்ற உதவிகளோடு ‘ஹீரோ’ என்ற எளிய நிலையும் உண்டு. உதவி கேட்பவரை நாய் என்று அழைத்த அதே வரிசை, இப்போது ஹீரோ என்கிறது.

முதல்முறை விளையாடப் போகிறீர்களா?

எடுத்ததும் அடிக்காதீர்கள். முதல் சில முறை தடுப்பதை மட்டும் செய்து, எதிரியின் அசைவுகளைக் கவனியுங்கள். தொடர்ந்து தோற்றால் கேமை மூடிவிட்டுத் தூங்குங்கள். முந்தைய இரவு முடியாதது காலையில் முடிந்துவிடுவது இந்த கேம்களில் சகஜம். ரத்தமும் வன்முறையும் அதிகம் என்பதால் குழந்தைகளுக்கு இவை வேண்டாம்.

முக்கியமாக, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அது தோல்வி அல்ல, விருப்பம். ஆனால், மூடுவதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: கடைசியாகச் செத்தது யார் தப்பு? ‘கேமின் தப்பு’ என்று தோன்றினால் நிம்மதியாகப் போகலாம். ‘என் தப்பு’ என்று தோன்றினால், எப்படியும் பத்து நொடியில் கண்ட்ரோலரைத் தேடப் போகிறீர்கள்.