வீட்டு நாயும் வீட்டுச் சோறும்

காவிரியின் கடைமடைப் பிரதேசமாகிய காரைக்கால் வட்டாரத்தில், குரும்பகரம் போன்ற நெல் விளையும் கிராமங்களில், நாய் வளர்க்கும் குடியானவர் பலர். களத்து நெல்லுக்கும், பட்டி ஆட்டுக்கும், கொல்லைக் கோழிக்கும் அதுவே இராக்காவல். அவ்வேலைக்கு அது பெறும் கூலி, வீட்டார் உண்டு மிஞ்சியதே. மனிதர் உண்ணும் ஆகாரத்தை நாய்க்கு இடலாமா என்னும் கேள்வி, டப்பா ஆகாரம் வாங்கக்கூடிய பட்டணவாசிக்குப் பொருந்தும். கிராமத்தில் வேறு ஆகாரம் ஏது? ஆகையால் இலையில் மிஞ்சுவனவற்றுள் எவை நாய்க்கு ஏற்றவை, எவை அதன் உயிருக்கே கேடு செய்பவை என்பதை அறிந்துகொள்வதே குடியானவருக்கு உபயோகமாகும்.

நாய் மாமிசபட்சணியாதலால் அதற்குச் சோறு ஒவ்வாது என்று சிலர் கூறுவர். இது சரியன்று. சுவீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2013-ஆம் ஆண்டில் நாயின் மரபணுக்களை ஓநாயின் மரபணுக்களோடு ஒப்பிட்டு நோக்கினர். மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ் என்ற பொருளை உண்டாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாயிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருக்கக் கண்டனர். மனிதனுடைய அடுப்பங்கரையை அண்டிப் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்ததன் பயன் இது. எனவே நன்றாகக் குழைய வெந்த சோறு நாய்க்கு எளிதில் ஜீரணமாகும்.

ஆயினும் சோறு மாத்திரம் போதாது. அரிசியில் மாமிசச் சத்து குறைவு. சுண்ணாம்புச் சத்தோ மிகச் சொற்பம். வெறுஞ்சோறு தின்று வளரும் குட்டிகளுக்கு முன்னங்கால்கள் வில்போல் வளைதலும், மூட்டுகள் பருத்தலும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளதாகையால், வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழ் இடுதல் நலம். சுமார் 15 கிலோ எடையுள்ள காவல் நாய்க்கு நாளொன்றுக்குச் சமைத்த சோறு 350 முதல் 400 கிராம், வெந்த பயறு ஒரு கைப்பிடி, அவற்றோடு முட்டை இரண்டு அல்லது உப்பின்றி வேகவைத்து முள் நீக்கிய மீன் 150 கிராம், இவற்றை இரு வேளையாகப் பகிர்ந்து இடலாம். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தித் தோன்றாமலும், கையால் தடவினால் தெரியும்படியும் இருப்பின் அளவு சரியானதே. மோர் நல்லது, பால் சில நாய்களுக்குக் கழிச்சலை உண்டாக்கும்.

இனிக் குழம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவறு பெரும்பாலும் நிகழுமிடம் இதுவே. நாய்க்குக் கேடான பொருள்கள் பல ஒரே சட்டியில் கூடுவது நம் குழம்பில்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகக் கூட்டுப் பொருள்கள் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைப்பதாலோ வதக்குவதாலோ இந்த நஞ்சு நீங்குவதில்லை. உடல் எடை கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் தீங்கு விளைவிக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். அதன்படி மூன்று கிலோக் குட்டிக்குச் சின்ன வெங்காயம் ஒரு பிடியே போதும். பெரிய நாய் ஒரே வேளையில் அவ்வளவு தின்பதில்லை என்றாலும், பிரதி தினமும் சிறிது சிறிதாகத் தின்பதும் நாளடைவில் அதே கேட்டைச் செய்யும். ஈறு வெளுத்தல், சோர்வு, மூச்சு வாங்குதல், மூத்திரம் காப்பி நிறமாதல் ஆகியவை சில நாள் கழித்தே தோன்றுவதால், காரணம் இன்னதென்று வீட்டார் அறிவதில்லை.

புளியும் ஐயத்துக்குரியதே. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெடுவது ஏன் என்பது நெடுங்காலம் விளங்காமலிருந்தது. புளியை மிகுதியாகத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே நேர்ந்ததைக் கொண்டு, இரண்டிலும் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மிளகாயும் உப்பும் வயிற்றைப் புண்படுத்துவதைச் சொல்ல வேண்டியதில்லை. கருவாட்டுத் தலையை நாய்க்கு எறிவது கடற்கரை ஊர்களில் வழக்கம். அதிலுள்ள உப்பு மிகை. ஆதலால் குழம்பு ஊற்றுமுன் நாய்க்குரிய சோற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுதலே எளிய வழி. செலவில்லாத இவ்வழி ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை.

விசேஷ நாட்களில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பாயசத்தில் கிடக்கும் உலர்ந்த திராட்சை நாய்க்கு ஆகாது. தேய்பிறை அஷ்டமியில் வைரவரின் வாகனமென்று நாய்க்கு அன்னமிடுவோர், உப்பும் காரமுமற்ற சோற்றையே இட்டால் புண்ணியமும் குறையாது, நாயும் நலிவுறாது. ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவில் பழங்களை வாரி இறைப்பதை யாவரும் அறிவர். மாம்பழச் சதை சிறிதளவு தீதன்று. எறியப்பட்ட கொட்டையை விழுங்கும் நாய்க்கோ குடல் அடைபட்டு அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடும்.

சமைத்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாகப் பிளந்து குடலைத் துளைக்கும். ஆடு அறுக்குமிடத்தில் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறிவது அதனினும் பொல்லாதது. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளால் நாயின் குடலில் நுண்ணிய நாடாப்புழு உண்டாகி, அதன் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டு, ஆடுமாடுகளையும் மனிதரையும் பற்றி ஈரலில் கட்டிகளை விளைவிக்கும். பூஞ்சணம் பூத்த கடலைப் பிண்ணாக்கையும் ஊசின சோற்றையும் "நாய்க்குத்தானே" என்று இடுவதும் தவறு. அப்பூஞ்சணத்தின் நஞ்சு நாயின் ஈரலை அழிக்கும்.

சோறு தின்று பழகிய நாய்க்கு வயலில் காத்திருக்கும் ஆபத்து ஒன்றுண்டு. சம்பா, தாளடிப் பயிர்களில் எலிக்கு ஜிங்க் பாஸ்பைடு கலந்த அரிசியோ பொரியோ வைக்கும்போது, வீட்டு நாய் அதையும் தன் ஆகாரமென்றே எண்ணும். மருந்து வைக்கும் இரவு நாயைக் கட்டி வைத்து, விடிந்ததும் மிஞ்சியதையும் செத்த எலிகளையும் ஆழப் புதைக்க வேண்டும். தின்றுவிட்டதாக ஐயமிருப்பின், நஞ்சு முறியட்டும் என்று சோறோ தயிரோ ஊட்டலாகாது. இரைப்பையில் ஆகாரம் சேரச் சேர அமிலம் பெருகி, விஷவாயு மேலும் உண்டாகும். நாய் கக்கும் பொருளிலிருந்தும் அவ்வாயு வெளிப்படுமாதலால் அறைக்குள் வைத்துக் கவனிக்காமல், காற்றோட்டமுள்ள வெளியில் வைத்திருந்து, தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்க. மருந்தின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.