வரிசையைத் தாண்ட ஒரு விலை

செஞ்சிப் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா நாள் என்றால் பொழுது விடியும் முன்பே பேருந்து கிளம்பிவிடும். திண்டிவனம் வழியாகச் சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பத்து, பத்தரைக்குத் தீம் பார்க் வாசலில் இறங்கினால்தான் மாலையில் பிள்ளைகளைத் தலை எண்ணி ஏற்றி, இரவு நேரத்தோடு ஊர் திரும்ப முடியும். கையில் இருப்பது ஆறேழு மணி நேரம். சாப்பாடு, ஈர உடை மாற்றுவது, காணாமல் போன செருப்பைத் தேடுவது எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ரைடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால், நாளெல்லாம் சுற்றியும் ஒரு பிள்ளை ஏறுவது நான்கைந்துதான்.

அப்படி நிற்கும்போது, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வழி இருக்கும். அதில் கூட்டம் இல்லை. அவ்வப்போது ஒரு குடும்பம் வந்து, கையில் கட்டிய பட்டையைக் காட்டிவிட்டு நேராக ரைடில் ஏறிவிடுகிறது. வொண்டர்லா பூங்காக்களில் இதற்கு ஃபாஸ்ட்ராக் என்று பெயர். மகாராஷ்டிரத்தின் இமேஜிகாவில் எக்ஸ்பிரஸ் டிக்கெட். சாதாரண நுழைவுக் கட்டணத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டினால் வரிசையில் நிற்க வேண்டாம். சென்னையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். என்றே தீம் பார்க்கை அறிந்திருந்த தலைமுறைக்கு இது புதிது. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறக்கப்பட்டபின், கேள்வி தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நெருக்கமாகிவிட்டது: நுழைவுச்சீட்டு வாங்கிய எல்லாரும் உள்ளே சமம்தானா, இல்லை உள்ளே போனபிறகும் வகுப்பு உண்டா?

இந்தப் பழக்கம் தொடங்கியபோது அதற்கு விலை இல்லை. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனம் 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. நுழைவுச்சீட்டை ஓர் இயந்திரத்தில் செருகினால் ஒரு சிறு சீட்டு வரும். எத்தனை மணிக்குத் திரும்பி வரவேண்டும் என்று அதில் அச்சாகியிருக்கும். அதுவரை வேறெங்காவது சுற்றலாம், சாப்பிடலாம். நுழைவுச்சீட்டு வைத்திருந்த எவருக்கும் அது கிடைத்தது. காலையில் சீக்கிரம் வந்தவர்களுக்கும் விவரம் தெரிந்தவர்களுக்கும் கூடுதல் லாபம் இருந்தது உண்மைதான். ஆனால் பணத்துக்கு அங்கே வேலை இல்லை. 2021-இல் அந்த இலவச முறை போய், ஃபுளோரிடாவில் நாளுக்கு 15 டாலர் என்று ஜீனி பிளஸ் வந்தது. 2024 கடைசியில் லைட்னிங் லேன் பிரீமியர் பாஸ் வந்தபோது, நெரிசலான நாளில் ஒரு பூங்காவுக்கு, ஓர் ஆளுக்கு 449 டாலர் வரை விலை வைத்தார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 40,000 ரூபாய். நுழைவுக் கட்டணம் தனி. இலவசச் சலுகையாக வந்தது கால் நூற்றாண்டில் இந்த விலைக்குப் போயிருக்கிறது.

விலை எவ்வளவு என்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்தப் பாஸ் எதை விற்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பேர் உட்காரும் ரைடு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது. மணிக்கு 480 பேர். முன்னால் 240 பேர் நின்றால் அரை மணியில் நமது முறை வந்துவிடும். இப்போது பட்டை கட்டியவர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறார்கள், இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கும் ஊழியர் பத்து இருக்கையில் ஆறை அவர்களுக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொது வரிசைக்கு மிஞ்சுவது மணிக்கு 192 இருக்கை. அதே 240 பேர் கரைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ரைடு வேகமாக ஓடவில்லை, இருக்கை கூடவில்லை. பாஸ் வாங்கியவருக்கு மிச்சமான நேரம் முழுவதும் பொது வரிசையில் நின்றவரிடமிருந்து போனது. நிற்காமல் ஏறியவர் அதே ரைடில் இரண்டாம் தடவையும் வந்து ஏறினால், அதற்கான நேரமும் அங்கிருந்தே போகிறது.

பூங்கா நடத்துபவர்களுக்கும் நியாயம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. சென்னை வொண்டர்லாவுக்கு ஆன முதலீடு 600 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே ஓடும் தஞ்சோரா போன்ற பெரிய ரோலர் கோஸ்டரை வெளிநாட்டிலிருந்து வாங்கி நிறுத்தி, தினமும் சோதித்து ஓட்டச் செலவு அதிகம். வசதி உள்ளவர் கூடுதலாகக் கொடுத்தால், எல்லாருக்குமான நுழைவுக் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்கலாம் என்பார்கள். திரைப்படக் கொட்டகையில் பால்கனி இல்லையா, ரயிலில் ஏ.சி. பெட்டி இல்லையா என்றும் கேட்பார்கள்.

ஆனால் ஏ.சி. பெட்டியில் போகிறவரால் இரண்டாம் வகுப்புப் பயணி தாமதமாக ஊர் சேர்வதில்லை. ரயில் இருவருக்கும் ஒரே நேரத்துக்குத்தான் விழுப்புரத்தைத் தொடும். வரிசையை விற்பது அந்த வகை அல்ல. ரயில்வேயிலேயே இதற்கு நெருங்கிய உதாரணம் தேடினால் அது தட்கல். 1997-இல் தொடங்கிய அந்த முறையில் ஒவ்வொரு வண்டியிலும் இத்தனை இடம் தட்கலுக்கு என்று ஒதுக்கீடு இருக்கிறது. மீதி இடங்களை அது தொடுவதில்லை. பெரும்பாலான பூங்காக்களில் இப்படியொரு எல்லை இருக்கிறதா என்று டிக்கெட் வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் எத்தனைக்கு எத்தனை என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

இதில் இன்னும் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொது வரிசை பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டால் பாஸை யார் வாங்குவார்கள்? வரிசை நீளமாக இருக்கும்வரைதான் அந்தச் சரக்கு விலைபோகும். கூட்டத்தைக் குறைக்க இன்னொரு ரைடு போடுவதும், ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட்தான் என்று நிறுத்துவதும் பூங்காவுக்குச் செலவு அல்லது நஷ்டம். நீண்ட வரிசையோ வருமானம். எந்த நிறுவனமும் வேண்டுமென்றே மக்களைக் காக்க வைக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசையைக் குறைக்கும் அவசரம் தானாகவே தணிந்துவிடும்.

செஞ்சி மக்களுக்கு இந்த விவகாரம் பழக்கமில்லாதது அல்ல. அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்று மாதம் இருமுறை செஞ்சி வழியே கூட்டம் பாயும். தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் தர்ம தரிசனம் ஒரு வரிசை, சிறப்புக் கட்டண தரிசனம் ஒரு வரிசை என்பது பல ஆண்டு வழக்கம். திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் இருக்கிறது. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை கொடுப்பவருக்குப் பிரேக் தரிசனம் இருக்கிறது. கோயில்களில் கட்டணம் வாங்கி முன்னால் விடுவதை எதிர்த்த ஒரு மனு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2025 ஜனவரி 31 அன்று, தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா இருந்த அமர்வு அதை ஏற்க மறுத்தது. சிறப்புச் சலுகை கூடாது என்பது தங்கள் கருத்தாக இருக்கலாம், ஆனால் அதற்காக நீதிமன்றம் உத்தரவு போட முடியாது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். சட்டம் தடுக்கவில்லை என்றால் முடிவு நடத்துபவர் கையிலும் மக்கள் கையிலும் இருக்கிறது.

கோயிலையும் பூங்காவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தீம் பார்க் தனியார் இடம். பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம். கோயிலும் கோட்டையும் பொதுச் சொத்து. அங்கே முன்னுரிமை விற்பனைக்கே வரக்கூடாது. அந்த வகையில் செஞ்சிக் கோட்டை இன்றைக்கும் நல்ல இடம். 2025 ஜூலை 11-இல் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில், அது செஞ்சி. தொல்லியல் துறையின் கவுன்டரில் இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். கட்டணத்தில் வித்தியாசம் உண்டு. உள்ளே போனபிறகு எல்லாருக்கும் படி ஒன்றுதான்.

அந்தப் படியில் ஒரு நெருக்கடி இருக்கிறது. செஞ்சியின் சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரி மலையின் உச்சிக் கோட்டைக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளமாகக் கிடக்கும். அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், ஒரு படையையே நிறுத்திவிடலாம். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் இன்றைக்கும் அந்த இடத்தில் ஒதுங்கி வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். மூச்சு வாங்க நிற்கும் பெரியவருக்கு இளைஞர்கள் முதலில் வழிவிடுகிறார்கள்.

அதே யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ராய்கட் கோட்டையில் 1990-களிலிருந்தே ரோப்வே ஓடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி ஏற முடியாதவர்கள் கட்டணம் கொடுத்துச் சில நிமிடங்களில் மேலே போய்விடுகிறார்கள். படியேறுபவருக்கு அதனால் ஒரு நிமிடமும் கூடுதலாக ஆவதில்லை. பழனியில் வின்ச்சும் ரோப் காரும் அப்படித்தான். நடந்து ஏறுபவரின் படியை அவை பறிப்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு புதிதாக ஒரு வழி போட்டுக் கொடுப்பது வேறு, இருக்கிற வழியிலேயே ஒருவரைத் தள்ளி நிறுத்திவிட்டு இன்னொருவரை விடுவது வேறு. தீம் பார்க் பாஸ் இரண்டாவது வகை. அதனால்தான் அதற்குக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும்.

செய்ய முடியாத கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு ரைடிலும் கட்டணப் பாஸுக்கு இத்தனை இருக்கைதான், ஐந்தில் ஒன்று என்றோ ஆறில் ஒன்று என்றோ, முன்கூட்டியே அறிவிக்கலாம். அதற்கு மேல் அன்றைக்குப் பாஸ் விற்காமல் நிறுத்தலாம். பொது வரிசையில் இப்போது எவ்வளவு நேரமாகும் என்ற பலகையை ரைடு வாசலில் மட்டுமல்லாமல் டிக்கெட் கவுன்டரிலும் வைத்தால், பணம் கட்டும் முன்பே குடும்பம் தெரிந்துகொள்ளும். மாற்றுத்திறனாளி, மூட்டுவலிக்காரத் தாத்தா, கைக்குழந்தையோடு வந்த அம்மா ஆகியோருக்குத் தனிவழி வேண்டும். அதற்கு ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது.

திரும்பி வரும் நேரத்தைக் குறித்துக் கொடுத்த பழைய இலவசச் சீட்டு முறையை, இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது மீண்டும் கொண்டுவருவது இன்னும் எளிது. ஆனால் அதைக் கவனமாக நடத்த வேண்டும். 2025 ஜனவரியில் திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். வரிசையைத் தவிர்க்கக் கொடுக்கும் டோக்கனுக்கே ஒரு வரிசை உருவாகிவிட்டால் பயனில்லை.

பள்ளிகளும் தங்கள் பங்குக்குக் கேட்கலாம். ஐம்பது, நூறு பிள்ளைகளுக்குக் குழு டிக்கெட் எடுக்கும்போது விலைக் குறைப்பையும் சாப்பாட்டையும் பேசும் நிர்வாகம், பெரிய ரைடுகள் இரண்டு மூன்றில் தன் பிள்ளைகளுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்டுப் பெறலாம். கூட்டம் குறைந்த செவ்வாய், புதன் கிழமைகளில் அது பூங்காவுக்கும் சிரமம் இல்லை. கூடுதல் பணம் கட்ட முடிந்த பிள்ளையும் முடியாத பிள்ளையும் ஒரே பேருந்தில் வரும் பயணத்தில், தனிப்பட்ட முறையில் ஃபாஸ்ட்ராக் வாங்க அனுமதிப்பதில்லை என்று பள்ளி முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிடுவது நல்லது.