படம் நிற்காமல் மெனு எழும் வித்தை

1999-இல் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' டிவிடியில் ஒரு வெள்ளை முயல் ஒளிந்திருந்தது. அதற்கான வசதியை மெனுவில் தேர்ந்தெடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், சில காட்சிகளில் திரையின் மேல் முயல் சின்னம் தோன்றும். அந்த நேரத்தில் ரிமோட்டில் 'என்டர்' பட்டனை அழுத்தினால், அந்தக் காட்சியைப் படமாக்கிய விதத்தைச் சொல்லும் துண்டுப்படம் ஓடும். அது முடிந்ததும் கதை தொடரும். ரசிகர்கள் கொண்டாடிய வசதி அது. ஆனால் முயலை அழுத்திய கணத்தில் படம் நின்றுவிடும்; பிளேயர் வேறோர் இடத்துக்குத் தாவிப் போய்த்தான் திரும்பி வரும்.

டிவிடியின் அமைப்பே அப்படி. அதில் மெனு என்பது படத்துக்கு வெளியே இருக்கும் தனி வீடியோ. சப்டைட்டில் மொழியை மாற்ற மெனுவுக்குப் போனால், படத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். ஓடும் படத்தின் மேலேயே பட்டன் வைப்பதும் முடியாத காரியம் அல்ல. அதைச் சப்டைட்டிலுக்கான அடுக்கில்தான் வரைய வேண்டும். அங்கே ஒரு நேரத்தில் 4 நிறங்களுக்கு மேல் கிடையாது. அழகான எழுத்தோ நிழலோ படமோ அதில் எப்படி வரும்?

2006 ஜூன் மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ப்ளூ-ரே வட்டுகள் இந்தச் சிக்கலை அடிப்படையிலேயே தீர்த்தன. ரிமோட்டில் 'பாப்-அப் மெனு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் திரையின் அடியிலிருந்து மெனு எழும். பின்னால் வசனம் தொடரும், இசை தொடரும். மொழியை மாற்றிவிட்டு மீண்டும் அழுத்தினால் மெனு மறையும். வீட்டுத் திரையில் படம் பார்ப்பவருக்கு ப்ளூ-ரே தந்த வசதிகளில், படத்தின் தெளிவுக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகளை நினைத்துக்கொள்ளலாம். அடியில் வீடியோ, அதற்கு மேல் சப்டைட்டில், எல்லாவற்றுக்கும் மேலே மெனு. பிளேயர் ஒவ்வொன்றையும் தனித்தனியே உருவாக்கி, டிவிக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில்தான் ஒன்றாக்குகிறது. மெனுத் தளத்துக்கு 'இன்டராக்டிவ் கிராபிக்ஸ்' என்று பெயர். அகலம் 1920 பிக்சல், உயரம் 1080 பிக்சல். மெனுவில் என்ன நடந்தாலும் கீழே உள்ள வீடியோவுக்குத் தெரியாது. படம் நிற்காததன் ரகசியம் அவ்வளவே.

ஆனால் இதை வட்டில் அமைப்பவருக்கு, அதாவது ஆத்தரிங் செய்பவருக்கு, கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. மெனுத் தளத்தில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட்தான். அதாவது ஒரு வண்ணப் பட்டியலில் 256 இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நிறத்தோடு, எவ்வளவு ஒளி ஊடுருவலாம் என்ற அளவையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். முழுக் கறுப்பு ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். பாதி ஊடுருவும் கறுப்பு இன்னோர் இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுத்துக்குப் பின்னால் மென்மையான நிழல் வேண்டும் என்றால், கரைந்து போகும் ஒவ்வொரு படிக்கும் ஓர் இடம் செலவாகும். போட்டோஷாப்பில் லட்சக்கணக்கான நிறங்களோடு வரைந்த மெனு இந்தப் பட்டியலுக்குள் இறங்கும்போது, சாய்வு நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிவது இதனால்தான். அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே சில நிறங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, பின்னணி அசைந்துகொண்டே இருப்பது. பனிமலைக் காட்சியின் மேல் வெள்ளை எழுத்து காணாமல் போகும். இரவுக் காட்சியில் கருநீலம் கரைந்துவிடும். எந்தக் கணத்தில் பார்வையாளர் பட்டனை அழுத்துவார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பெரும்பாலான பாப்-அப் மெனுக்கள், பாதி ஊடுருவும் கரிய பட்டையின் மேல் வெளிர் எழுத்தோடு வருகின்றன.

ஒவ்வொரு பட்டனுக்கும் மூன்று நிலைகள் உண்டு: சாதாரணம், தேர்வு செய்யப்பட்டது, அழுத்தப்பட்டது. மூன்றுக்கும் தனித்தனிப் படம். மேல், கீழ், இடம், வலம் என ரிமோட்டின் நான்கு அம்புக்குறிகளையும் அழுத்தினால் எந்தப் பட்டனுக்குப் போக வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றிலும் எழுதி வைக்க வேண்டும். இதில் ஒன்று தவறினால் பார்வையாளர் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் தவிப்பார்.

உண்மையான கைத்திறன் மொழித் தேர்வுப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது எந்தச் சப்டைட்டில் ஓடுகிறதோ, அதன் அருகே ஒரு டிக் குறி தெரிய வேண்டும். பார்ப்பவருக்கு இது சாதாரண விஷயம். ஆனால் மெனுப் படத்தில் டிக் குறியைத் தானாக வரையும் வசதி எதுவும் இல்லை. அதனால் ஒரே இடத்தில் இரண்டு பட்டன்களை வைக்கிறார்கள்: டிக் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. இரண்டும் ஒரே குழு. ஒரு நேரத்தில் குழுவில் ஒன்றுதான் உயிரோடு இருக்கலாம் என்பது ப்ளூ-ரேயின் விதி. பக்கம் திறந்தவுடன், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பட்டன் ஒன்று தானாகவே அழுந்துகிறது. பிளேயரின் நினைவில் எந்தச் சப்டைட்டில் இப்போது ஓடுகிறது என்ற எண் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது பட்டனில் எழுதிவைத்த கட்டளை அந்த எண்ணைப் படித்து, பொருத்தமான பட்டனை எழுப்பிவிட்டு மற்றதை அடக்கிவிடுகிறது. கண் இமைப்பதற்குள் இவ்வளவும் முடிந்து, டிக் குறி சரியான இடத்தில் நிற்கும். நிரல் மொழி தெரியாத கிராபிக்ஸ் கலைஞர்களும் கற்றுக்கொண்டு செய்த வேலை இது.

இப்படிக் கட்டளை எழுத ப்ளூ-ரேயில் இடமும் தாராளம். டிவிடியில் ஆத்தரிங் செய்பவர் பயன்படுத்திக்கொள்ள 16 நினைவிடங்கள் மட்டுமே இருந்தன, ப்ளூ-ரேயில் 4096.

பட்டனை அழுத்தியதும் மெனு எப்படி உடனே வருகிறது? அந்த நேரத்தில் லேசர் கதிர் படத்தைப் படித்துக்கொண்டிருக்கும். மெனுவைத் தேடி அது வட்டின் வேறு பகுதிக்குப் போய் வந்தால் படம் தடைபடலாம். அதனால் பாப்-அப் மெனுவின் படங்களையெல்லாம் படம் தொடங்கும் முன்பே பிளேயரின் நினைவகத்தில் ஏற்றி வைப்பது வழக்கம். நினைவகத்துக்கும் எல்லை உண்டு. முழுத்திரை அளவுள்ள ஒரு படம் விரிந்தால் சுமார் 20 லட்சம் பைட் பிடிக்கும். எனவே முழுத்திரைப் படங்களைத் தவிர்த்து, பட்டன் அளவுக்கு மட்டும் வெட்டிய சிறு படங்களையே பயன்படுத்துகிறார்கள்.

இதுவரை சொன்னது எச்டிஎம்வி எனப்படும் முறை. ப்ளூ-ரேயில் பிடி-ஜே என்ற இன்னொரு முறையும் உண்டு. அது ஜாவா மொழியில் நிரல் எழுதுவது. அங்கே 256 நிறங்கள் என்ற கட்டுப்பாடு இல்லை. விளையாட்டுகள், இணையத் தொடர்பு, சிக்கலான அசைவுகள் எல்லாம் முடியும். பெரிய ஹாலிவுட் நிறுவனங்கள் இதை விரும்பின. விலையைக் கொடுத்தது பார்வையாளர்: வட்டைப் போட்டுவிட்டு நிரல் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்; பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், விட்ட இடத்தை நினைவில் வைக்கும் வேலையையும் நிரல் எழுதுபவரே தனியாகச் செய்திருக்க வேண்டும். செய்யாத வட்டுகளில் படம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அத்தியாயம், ஒலி, சப்டைட்டில் ஆகிய மூன்றையும் தேர்வு செய்ய ஒரு மெனு போதும் என்றால், அதற்கு ஜாவா தேவையே இல்லை.

ஸ்டுடியோக்களில் சீனரிஸ்ட், சோனியின் ப்ளூ-பிரிண்ட் போன்ற மென்பொருள்கள் இந்த வேலைக்குப் பயன்பட்டன. தனியாக இயங்கும் வீடியோ கலைஞர்களுக்கு அடோபியின் என்கோர் கைகொடுத்தது. போட்டோஷாப்பில் அடுக்குகளின் பெயருக்கு முன்னால் சில குறிகளைச் சேர்த்தால் போதும். என்கோர் அவற்றைப் பட்டன்களாகப் புரிந்துகொள்ளும். 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு அது நின்றுபோனது. ஜப்பானின் பெகாசிஸ் நிறுவனம் தரும் டிஎம்பிஜிஎன்க் ஆத்தரிங் ஒர்க்ஸ், தயாராக உள்ள மாதிரிகளைக் கொண்டு பாப்-அப் மெனு அமைக்க உதவுகிறது.

ஆவணப்படத்தையோ குடும்ப விழாவையோ ப்ளூ-ரேயில் பதிந்து வைக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கணினித் திரையில் மெனு சரியாக வேலை செய்வது போதாது. அழித்து எழுதக்கூடிய பிடி-ஆர்இ வட்டு ஒன்றில் முதலில் பதிந்து, வெவ்வேறு நிறுவனங்களின் பிளேயர்கள் இரண்டிலாவது போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனிலிருந்தும் நான்கு திசைகளிலும் நகர்ந்து, மொழியை மாற்றி, மெனுவை மூடித் திறந்து டிக் குறி இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றப் பிரதிகளை எழுதுங்கள்.